மாடல் நீராவி எஞ்சினில் யுனிவர்சல் ஜாயிண்ட்: கோணம் சரிசெய்வதும் சத்தம் அடக்குவதும்

ஹெச்ஓ அளவில், அதாவது 1:87 விகிதத்தில், வரும் பித்தளை நீராவி எஞ்சின்கள் பார்வைக்கு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், ஓடும்போது பலவற்றில் ஓர் உறுமல் கேட்கும். புதியவர்கள் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரை, அடுத்து கியரை. இரண்டுக்கும் நடுவே, ஒரே கோட்டில் இல்லாத ஷாஃப்டுகளை இணைத்துச் சுழற்சியைக் கடத்தும் சின்ன யுனிவர்சல் ஜாயிண்டைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். பார்த்ததும் க்ரீஸை அப்பி மூடிவிடுவார்கள். க்ரீஸ் சில நாள் சத்தத்தை அமுக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் ஜாயிண்டில் குறை இருக்காது. அதன் இரு பக்கமும் உள்ள ஷாஃப்டுகள் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதில்தான் குறை இருக்கும். அளந்து பார்க்காமல் அது தெரியாது.

இங்கே உதாரணத்துக்கு ஒரு 2-8-2 மிகாடோவை (முன்னே 2, நடுவே 8 ஓட்டுச் சக்கரம், பின்னே 2 சக்கரம் கொண்ட எஞ்சின்) எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசின் ரயில்வே நிர்வாகம் தரப்படுத்திய லைட் மிகாடோ 1918-ல் ஓடத் தொடங்கியது. அதன் ஓட்டுச் சக்கரம் 63 அங்குல விட்டம். ஹெச்ஓவில் அது 18.4 மி.மீ. மாடல்களில் மோட்டார் பெரும்பாலும் ஃபயர்பாக்ஸ், அதாவது பாய்லரின் பின்முனையில் உள்ள நெருப்புப் பெட்டி, பக்கம் இருக்கும். கியர்பாக்ஸ் ஓட்டுச் சக்கர அச்சுகளில் ஒன்றில் தொங்கும். இரண்டையும் இணைக்க ஒரு குட்டி ஷாஃப்ட், அதன் இரு முனையிலும் ஒவ்வொரு ஜாயிண்ட்.

எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது?

நிஜ எஞ்சின் மணிக்கு 45 மைல், அதாவது சுமார் 72 கி.மீ. வேகத்தில் போனால் இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 240 சுற்று சுற்றும். வேகத்தையும் விட்டத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்குவதால் மாடலிலும் அதே 240 தான். கியர் விகிதம் 30:1 என்றால் மோட்டார் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 7200 சுற்று, விநாடிக்கு 120 சுற்று.

இந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு ஜாயிண்டைப் பாருங்கள். ஒரு ஜாயிண்ட் மட்டும் கோணத்தில் ஓடினால், உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போவது சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். ஏற்ற இறக்கம் கோணத்தைப் பொறுத்தது: 5 டிகிரியில் கூடவும் குறையவும் 0.4 சதவீதம், 10 டிகிரியில் 1.5, 15 டிகிரியில் 3.5, 20 டிகிரியில் 6, 30 டிகிரியில் 15 சதவீதம். 5 டிகிரியைக் காது கண்டுகொள்ளாது. 15 டிகிரி தாண்டினால் விநாடிக்கு 240 முறை வார்ம் கியரின் (வார்ம் என்னும் திருகு வடிவத் தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும் கியர்) பல் தட்டப்படுகிறது. அதுதான் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சட்டென்று எழும் அந்த ரீங்காரம். பித்தளை பாய்லர் உள்ளே வெறும் கூடு. அதைப் பெருக்கிக் காட்டும்.

வேண்டிய சாமான்கள்

12 வோல்ட் டிசி கன்ட்ரோலர், மல்டிமீட்டர், வெர்னியர் காலிப்பர், எஞ்சினைத் தலைகீழாகக் கிடத்த ஃபோம் தொட்டில், சின்னத் திருப்புளிகள், ட்வீசர், ஒரு கண்ணாடித் துண்டு, மெல்லிய வாஷர்கள், ஊசிமுனை எண்ணெய்க் குப்பி. சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன்; இடைவெளி பார்க்க அதைவிட மலிவான கருவி இல்லை. மோட்டார் ஷாஃப்டிலிருந்து கப்பை (ஜாயிண்டின் கிண்ணம் போன்ற பாதி) கழற்ற ஒரு சின்னப் புல்லர் வேண்டும். கொறடால் நெம்பினால் ஷாஃப்ட் வளையும், அதன்பின் எந்தச் சரிசெய்தலும் பயன்படாது.

முதல் வேலை: சத்தத்தைத் தனிமைப்படுத்துங்கள்

பாய்லரைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேளுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

1. எஞ்சினில் டிசிசி டிகோடர் (டிஜிட்டல் கட்டளைப்படி மோட்டாரை ஓட்டும் மின்னணு அட்டை) இருந்தால் மோட்டாரின் இரண்டு வயர்களையும் அதிலிருந்து பிரித்துவிடுங்கள். டிகோடர் இணைந்திருக்கும்போதே மோட்டார் முனைகளில் நேராக மின்சாரம் கொடுத்தால் டிகோடர் போய்விடும். பழைய டிகோடர்கள் குறைந்த அதிர்வெண் துடிப்பில் மோட்டாரை ஓட்டும். குறைந்த வேகத்தில் வரும் 'கர்ர்' சத்தம் அதனாலும் இருக்கலாம். வெறும் டிசியில் அது மறைந்தால் ஜாயிண்டைத் தொடவே வேண்டாம்.

2. ஷாஃப்டை எடுத்துவிட்டு மோட்டாரை மட்டும் 3, 6, 9, 12 வோல்ட்டில் இரு திசையிலும் ஓட்டுங்கள். ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல கேன் மோட்டார் (உலோக உறைக்குள் மூடிய மோட்டார்) தனியே ஓடும்போது பெரும்பாலும் 0.1 ஆம்பியருக்குள் நிற்கும். ஷாஃப்டில் ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். துளை மையம் தப்பிய ஃப்ளைவீல் தரும் அதிர்வை ஜாயிண்டின் தலையில் கட்டுவது சாதாரணமாக நடக்கும் தவறு.

3. கியர்பாக்ஸின் வார்ம் ஷாஃப்டை விரலால் சுற்றுங்கள். சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும்வரை எங்கும் இறுகக் கூடாது. ஓரிடத்தில் மட்டும் இறுகினால் சக்கரங்களை இணைக்கும் கனெக்டிங் ராடுகளையோ, அவை மாட்டும் இட, வல கிராங்க் பின்களுக்கு இடையே இருக்க வேண்டிய 90 டிகிரி விலகலையோ பார்க்க வேண்டும். அது வேறு வேலை. அதை முடிக்காமல் இங்கே வராதீர்கள்.

4. வார்ம் ஷாஃப்டை ட்வீசரால் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். 0.1 முதல் 0.2 மி.மீ. ஆட்டம் போதும். அதற்கு மேல் இருந்தால் வாஷர் போட்டுக் குறைக்க வேண்டும். திசை மாற்றியதும் 'டக்' என்பதும், இறக்கத்தில் எஞ்சின் விக்கி விக்கி இறங்குவதும் இந்த ஆட்டத்தின் வேலை. ஆட்டமே இல்லாமல் இறுக்கினாலும் தப்பு. வார்ம் சூடாகும், ஆம்பியர் ஏறும்.

மோட்டார் தனியே அமைதி, கியர்பாக்ஸ் கையில் சுகமாகச் சுற்றுகிறது, இரண்டையும் ஷாஃப்டால் இணைத்ததும் சத்தம் வருகிறது என்றால், இனி ஜாயிண்ட்தான் விஷயம்.

கோணத்தை அளப்பது

புரொட்ராக்டர் வைக்க இடம் இருக்காது. உயரத்தை அளந்து கணக்குப் போடுங்கள். எஞ்சின் சட்டத்தைக் கண்ணாடி மேல் சக்கரங்களில் நிறுத்தி, கண்ணாடியிலிருந்து மோட்டார் ஷாஃப்டின் மையம் எவ்வளவு உயரம், வார்ம் ஷாஃப்டின் மையம் எவ்வளவு உயரம் என்று எடுங்கள். பிறகு இரண்டு ஜாயிண்டுகளின் மையத்துக்கு மையம் உள்ள நீளம். உயர வித்தியாசம் 2 மி.மீ., நீளம் 20 மி.மீ. என்றால் கோணம் 5.7 டிகிரி. 3 மி.மீ. என்றால் 8.6, 4 மி.மீ. என்றால் 11.5. அதே 3 மி.மீ. வித்தியாசத்தை 12 மி.மீ. ஷாஃப்டில் சமாளிக்கப் பார்த்தால் 14.5 டிகிரி ஆகிவிடும். இடம் இருக்கும்வரை ஷாஃப்ட் நீளமாக இருப்பதே நல்லது. மோட்டாரைப் பின்னுக்கு 5 மி.மீ. நகர்த்தினாலே பல எஞ்சின்களில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கோணம் 10 டிகிரிக்குள் இருக்கும்படி பாருங்கள். 15 என்பது எல்லை. பந்து-கப் ஜாயிண்டுகள் 25 டிகிரிக்கும் மடங்கும்தான். மடங்குவதும் சத்தமில்லாமல் ஓடுவதும் ஒன்றில்லை.

உயரத்தோடு சாய்வையும் பாருங்கள், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். மோட்டார் உயரத்திலும் கியர்பாக்ஸ் தாழ்விலும் இருப்பதைப் பார்த்து, மோட்டாரை முன்பக்கம் சாய்த்து அதன் ஷாஃப்ட் நேரே கியர்பாக்ஸ் ஜாயிண்டைக் குறிபார்க்கும்படி வைப்பார்கள். கண்ணுக்கு நேர்த்தியாகத் தெரியும். ஆனால் மோட்டார் பக்க ஜாயிண்டில் இப்போது கோணம் பூஜ்யம், கியர்பாக்ஸ் பக்க ஜாயிண்டில் முழுக் கோணமும். ஏற்ற இறக்கத்தை ரத்து செய்ய எதிரே யாருமில்லை. மோட்டார் ஷாஃப்டும் வார்ம் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், இரண்டு ஜாயிண்டிலும் ஒரே கோணம் வரும். ஒன்று முந்தும்போது மற்றது அதே அளவு பிந்தும், வார்முக்குப் போவது சீரான சுழற்சி. நடு ஷாஃப்ட் சாய்வாக நிற்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

கியர்பாக்ஸ் சாய்ந்திருந்து அதை நிமிர்த்த இடமில்லை என்றால் மோட்டாரையும் சாய்க்கலாம். விதி ஒன்றே: இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஒரு டிகிரி இப்படி அப்படி இருந்தால் பாதகமில்லை. சமப்படுத்த மோட்டாருக்கு அடியில் 0.25 அல்லது 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டைச் செருகுங்கள். மோட்டார் அடியில் தாங்கிகளுக்கு நடுவே 25 மி.மீ. இருந்தால், ஒரு முனையில் 0.5 மி.மீ. உயர்த்துவது ஒரு டிகிரிக்குச் சற்று மேல் சாய்வு தரும்.

இரண்டு முனையையும் ஒத்திசைப்பது

கோணம் சமமாக இருந்தாலும், நடு ஷாஃப்டின் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று சரியான திசையில் நிற்காவிட்டால் ரத்தாவதற்குப் பதிலாக இரட்டிப்பாகும். லாரிப் பட்டறையில் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு துண்டிலும் நேருக்கு நேராகக் குறி போட்டுக்கொள்வது இதற்காகத்தான். குறி தப்பி மாட்டினால் வண்டி நடுங்கும்.

லாரியில் இருப்பது நடுவே கிராஸ், அதாவது சிலுவை வடிவத் துண்டு, போட்ட ஜாயிண்ட். மாடலில் பெரும்பாலும் இருப்பது, இரண்டு பக்கமும் பின் நீட்டிய ஒரு பந்தும் காடி வெட்டிய ஒரு கப்பும். இயங்கும் விதத்தில் இரண்டும் ஒன்றே, ஆனால் திசை பார்க்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு.

நடு ஷாஃப்டின் இரு முனையிலும் பந்து என்றால், இரண்டு பந்தின் பின்களும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஷாஃப்டை நுனியிலிருந்து பார்த்தால் முன் பின்கள் பின்னால் உள்ளவற்றை மறைக்க வேண்டும். இரு முனையிலும் கப் என்றால், காடிகள் ஒரே தளத்தில். ஒரு முனையில் பந்து, மறுமுனையில் கப் என்றால் மட்டும் மாறும்: பின்னும் காடியும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி விலகி நிற்க வேண்டும். மூன்றாவது வகையில் இரண்டையும் நேராக வைப்பதுதான் இயல்பாகத் தோன்றும், அதுதான் தவறு. கோணம் சிறிதாக இருந்தால் தவறு தெரியாமல் போய்விடும். 12, 15 டிகிரியில் உடனே காது சொல்லிவிடும்.

பந்தோ கப்போ ஷாஃப்டில் வழுக்கிக்கொண்டிருந்தால் இந்த ஒத்திசைவு நிலைக்காது. அசெட்டல் பிளாஸ்டிக் கப் காலப்போக்கில் உலோக ஷாஃப்ட் மேல் விரிசல் விடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், நீளவாக்கில் மயிரிழைக் கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஒட்ட முயல வேண்டாம், அசெட்டலில் பசை பிடிக்காது. புதியது வாங்கும்போது ஷாஃப்ட் விட்டம் பாருங்கள்: 1.5, 2.0, 2.4 மி.மீ. மூன்றும் இந்த உலகில் சகஜம். 2.4-ல் 2.0 கப்பை அடித்து ஏற்றினால் அடுத்த விரிசலுக்கு அச்சாரம். துளை 2.0 ஆக இருந்து உங்கள் ஷாஃப்ட் 1.5 என்றால், பித்தளைக் குழாயை இடையில் புகுத்துங்கள்; பஞ்சு, காகிதம், பசைக் கட்டி எதுவும் மையத்தைக் காப்பாற்றாது.

கப்பை மோட்டார் ஷாஃப்டில் ஏற்றும்போது மறுமுனையில் ஷாஃப்ட் நுனிக்குத் தாங்கு கொடுங்கள். மோட்டாரின் உடம்பைத் தாங்கி அழுத்தினால் உள்ளே பேரிங் நகர்ந்துவிடும், புதிதாக ஒரு சத்தம் கூடுதலாக வந்து சேரும்.

நீளவாட்டு இடைவெளி

நடு ஷாஃப்ட் முன்னும் பின்னும் சற்று நகர இடம் வேண்டும். ஸ்பிரிங் வைத்த அச்சு மேலும் கீழும் சுமார் அரை மி.மீ. போய்வரும், அதனோடு கியர்பாக்ஸும் அசையும். பந்து கப்பின் அடியில் முட்டினால் தள்ளுவிசை நேராக மோட்டார் பேரிங்குக்குப் போய், கனத்த உறுமலாகக் கேட்கும். விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தால் பின் காடியின் வாயைச் சுரண்டும், ஒருநாள் வளைவில் கழன்று விழும்.

ஷாஃப்டை ஒரு பக்கமாக முழுக்கத் தள்ளி, மறுபக்கம் எவ்வளவு இடைவெளி வருகிறது என்று பாருங்கள். மொத்தமாக 0.5 முதல் 1 மி.மீ. சரியான அளவு. கடைசி நிலையிலும் பின்கள் காடியின் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ளே இருக்க வேண்டும். இதை மூன்று நிலைகளில் செய்யுங்கள்: அச்சு சாதாரணமாக, அச்சை முழுக்க மேலே தள்ளி, முழுக்கக் கீழே இறக்கி. நீளம் அதிகமென்றால் ஷாஃப்டை வெட்டுங்கள். கொறடால் நறுக்கினால் முனை பிதுங்கும். வெட்டுத் தகடு வைத்து அறுத்து, அரத்தால் பிசிறு எடுங்கள். வெட்டிய ஷாஃப்டைக் கண்ணாடி மேல் உருட்டி, அடியில் வெளிச்சம் துடிக்கிறதா என்று பாருங்கள். விநாடிக்கு 120 சுற்றில் 0.1 மி.மீ. வளைவுகூட அதிர்வாகும். வளைந்ததை நிமிர்த்த மெனக்கெடாமல் புதிய எஃகுக் கம்பி வெட்டிக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸைப் பிடித்து நிறுத்தும் கை

அச்சில் தொங்கும் கியர்பாக்ஸ் சும்மா இருக்காது. சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றும்போது தானே எதிர்ப் பக்கம் சுழலப் பார்க்கும். வார்ம் ஷாஃப்ட் பின்பக்கம் நீட்டிய கியர்பாக்ஸில், எஞ்சின் முன்னே ஓடும்போது பின்முனை கீழே அழுந்தும். பின்னே ஓடும்போது மேலே எழும். பாரம் இழுக்கும்போது இன்னும் அதிகம். நீங்கள் கண்ணாடி மேல் அளந்து வைத்த கோணமெல்லாம் ஓட்டத்தில் மாறிப்போகும்.

இதைத் தடுக்கத்தான் டார்க் ஆர்ம் என்னும் கை. கியர்பாக்ஸிலிருந்து சட்டத்துக்கோ மோட்டார் தாங்கிக்கோ போகும் 0.8 மி.மீ. ஃபாஸ்பர் பிரான்ஸ் கம்பி போதும். முனையில் சிலிக்கான் குழாய்த் துண்டை உறையாகப் போட்டு, சட்டத்தில் உள்ள துளையிலோ காடியிலோ நுழைத்துவிடுங்கள். கியர்பாக்ஸ் அச்சோடு மேலும் கீழும் போக வேண்டும், சுழல மட்டும் கூடாது. கம்பியைச் சட்டத்தோடு இறுக்கமாக ஸ்க்ரூ போட்டுவிட்டால் ஸ்பிரிங் செத்தது. கியரின் ஓசை முழுவதும் சட்டத்துக்குள் இறங்கும். தாராளமாக விட்டுவிட்டால் ஒவ்வொரு திசை மாற்றத்திலும் தட்டும். 0.3 மி.மீ. அளவு ஆட்டம் நல்ல இடைநிலை.

ஒரு திசையில் மட்டும் சத்தம் வந்தால் காரணம் டார்க் ஆர்மா, வார்மின் முனை ஆட்டமா என்று பிரித்தறிவது எளிது. எஞ்சினை உருளைகள் மேல் வைத்து அந்தத் திசையில் ஓட்டி, மரக்குச்சியால் கியர்பாக்ஸின் பின்முனையை மெல்ல அழுத்துங்கள். சத்தம் நின்றால் டார்க் ஆர்மில்தான் குறை.

மோட்டார் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது?

உலோகத்தின் மேல் உலோகமாக ஸ்க்ரூ போட்ட மோட்டார், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பித்தளைக் கூட்டுக்குள் பாடும். 1 முதல் 1.5 மி.மீ. தடிமனில் சிலிக்கான் சீலன்ட் வைத்து உட்காரவைப்பது நல்ல முறை. கடையில் கேட்கும்போது வினிகர் வாசனை வராத நியூட்ரல் வகையாக வாங்குங்கள்; புளித்த வாசனை வரும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், பித்தளைக்கும் மின் இணைப்புகளுக்கும் ஆகாது. மேலே சொன்ன பிளாஸ்டிக் தகடுகளால் மோட்டாரைச் சரியான உயரத்திலும் சாய்விலும் நிறுத்தி, சீலன்டை விட்டு, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் காயவிடுங்கள். காய்ந்தபின் தகடுகளை உருவிவிட வேண்டும். விட்டுவைத்தால் சீலன்ட் போட்டதே வீண்.

பழைய ஓப்பன்-ஃப்ரேம் (உறையில்லாத) மோட்டார்களில் ஒரு பிரஷ், மோட்டார் ஸ்க்ரூ வழியாகவே சட்டத்தோடு மின் தொடர்பில் இருக்கும். ரப்பரோ சிலிக்கானோ போட்டதும் அந்தத் தொடர்பு அறுந்து எஞ்சின் அசையாது. சட்டத்திலிருந்து அந்த பிரஷுக்கு ஒரு வயரைச் சால்டர் செய்துவிடுங்கள்.

பாய்லரைத் திரும்ப மாட்டியதும் சத்தம் திரும்பிவந்தால், மோட்டாரோ ஃப்ளைவீலோ உள்ளே எதையோ தொடுகிறது. பாய்லருக்குள் வைத்த ஈய எடையை முதலில் பாருங்கள்.

ஜாயிண்டுக்குப் பதில் ரப்பர் குழாய் இருந்தால்

பழைய ஜப்பானியப் பித்தளை எஞ்சின்களில் பந்தும் கப்பும் இருக்காது. இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே ஒரு கறுப்பு ரப்பர் குழாய்தான். அது வயதானால் கல்லாகும். சிலிக்கான் குழாய் மாற்றிப் போடலாம்: 2 மி.மீ. ஷாஃப்டுக்கு 1.5 மி.மீ. உள்விட்டம் பொருத்தம். கம்பி சுற்றி இறுக்காதீர்கள், முடிச்சு ஒருபக்கக் கனமாகிக் குலுக்கும். ஷாஃப்டுகள் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருந்தால் குழாயைப் போல் அமைதியானது வேறில்லை. கோணம் கூடக்கூட அது வில்லாக வளைந்து இரண்டு பேரிங்கையும் பக்கவாட்டில் தள்ளும்; புறப்படும்போது முறுக்கேறி எஞ்சின் துள்ளும். அங்கே ஜாயிண்டுக்கு மாறுவதுதான் வழி.

மூட்டு எஞ்சின்கள்

யூனியன் பசிஃபிக்கின் பிக் பாய் போன்ற 4-8-8-4 எஞ்சின்களில் முன் பாதி வளைவுக்கேற்பத் திரும்பும். நிஜத்தில் 1941-லும் 1944-லுமாக 25 எஞ்சின்கள் கட்டப்பட்டன. மாடல்களில் அதைவிடப் பல மடங்கு உண்டு, அவற்றில் பெரும்பாலும் ஒரே மோட்டார் இரண்டு பாதியையும் ஓட்டுகிறது. முன்னே போகும் ஷாஃப்ட் வளைவில் பக்கவாட்டிலும் மடங்க வேண்டும்.

இங்கே பார்க்க வேண்டியது, முன் பாதி திரும்பும் மையம் இரண்டு ஜாயிண்டுக்கும் நடுவில் எங்கே விழுகிறது என்பது. சரியாக நடுவில் இருந்தால் வளைவில் இரண்டு ஜாயிண்டும் சமமாக மடங்கும், ஏற்ற இறக்கம் தானாக ரத்தாகும். மையம் ஒரு ஜாயிண்டின் அருகில் இருந்தால் அந்த ஜாயிண்டே பெரும்பகுதிக் கோணத்தைச் சுமக்கும்; நேர் தண்டவாளத்தில் அமைதியாக ஓடும் எஞ்சின் வளைவில் உறுமுவது இதனால்தான். உயர வித்தியாசமும் சேர்ந்திருந்தால் ஒத்திசைவு முழுமையாக அமையவே அமையாது. அதனால் இந்த எஞ்சின்களில் உயரத்தை முதலில் சமப்படுத்திவிடுங்கள், கோணம் வளைவுக்கு மட்டும் மிஞ்சட்டும்.

நீளமும் மாறும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. மையத்திலிருந்து ஜாயிண்டுகள் 20, 15 மி.மீ. தூரத்தில் இருந்து, முன் பாதி 15 டிகிரி திரும்பினால் 35 மி.மீ. இடைவெளி சுமார் 0.3 மி.மீ. குறையும். இடமும் வலமும் உங்கள் ரயில்பாதையின் மிகக் கூர்மையான வளைவில், 18 அங்குல ஆரமென்றால் அதிலேயே, வைத்துப் பாருங்கள். இடைவெளி போதாவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் சதுரக் கம்பியும் குழாயும் தேவை. எஃப்ரைம் ஷே 1881-ல் காப்புரிமை பெற்ற, மரம் ஏற்றும் ரயில்களுக்கான கியர் எஞ்சினில், வலப்பக்கம் ஓடும் ஷாஃப்ட் வரிசை யுனிவர்சல் ஜாயிண்டும் சறுக்கும் சதுரக் கம்பியுமாகத்தான் இருக்கும். மெதுவாகச் சுற்றும் அந்த ஷாஃப்டில் இந்த ரீங்காரத் தொல்லை இல்லை என்பது வேறு.

எண்ணெயும் ஓட்டிப் பழக்குவதும்

எல்லாம் நேரான பிறகே எண்ணெய். பந்துக்கும் கப்புக்கும் பிளாஸ்டிக்கைத் தாக்காத வெள்ளை க்ரீஸ் ஊசிமுனையளவு. அதிகமானால் சுழற்சியில் தெறித்து மோட்டாரின் கம்யூட்டேட்டர் வரை போகும். வார்முக்குக் கியர் எண்ணெய், மோட்டார் பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. துரு நீக்கும் ஸ்ப்ரேயை இங்கே கொண்டுவர வேண்டாம், அது பழைய எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

பாதி வேகத்தில் இரு திசையிலும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஆம்பியரை, மோட்டார் தனியே ஓடியபோது குறித்ததோடு ஒப்பிடுங்கள்; கியரும் ராடுகளும் சேர்ந்ததால் கூடியிருக்கும், ஆனால் வேகம் மாறாமல் இருக்கும்போது முள் ஆடக் கூடாது. சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ஒருமுறை ஆடினால் ராடுகள் அல்லது அச்சுக் கியர். முள் நிலையாக நின்று ரீங்காரம் மட்டும் வேகத்தோடு ஏறி இறங்கினால் மறுபடி கோணங்களை அளக்க வேண்டும்.

ஓட்டி முடித்ததும் கப்பைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் நிறத்தில் தூள் ஒட்டினால் பின் காடியின் ஓரத்தை அரைக்கிறது: கோணம் இன்னும் அதிகம், அல்லது ஷாஃப்ட் சற்றுக் குட்டை. சாம்பல் நிறமாக மினுங்கினால் அது உலோகம், வார்மும் அதன் வாஷர்களும் உள்ள பக்கம் பாருங்கள்.